மெக்கானிக்கல் வேப்பும் அதில் போடும் 18650 செல்லும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வேலூரில் டார்ச் லைட், ஸ்பீக்கர், பவர் டூல் பேட்டரிகளைப் பிரித்துச் சரி செய்து கொடுப்பது என் தொழில். லித்தியம் செல்லைத் தனியாக யாருக்கும் விற்பதில்லை. அப்படியும் மாதத்துக்கு இரண்டு மூன்று பேராவது, பெரும்பாலும் காட்பாடிப் பக்கம் அறை எடுத்துத் தங்கிப் படிக்கிற பையன்கள், பையிலிருந்து ஒரு செம்புக் குழாயை எடுத்து மேசை மேல் வைத்து, "அண்ணே, இதுக்கு நல்ல செல் ஒண்ணு வேணும்" என்கிறார்கள்.

வேப், அதாவது திரவத்தைச் சூடாக்கி அதன் ஆவியை இழுக்கும் மின்சிகரெட்டைப் பிடியுங்கள் என்று நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். ஆனால் "தூக்கிப் போடு தம்பி" என்று ஒரே வார்த்தையில் அனுப்பிவிட்டால், அவர் நேராகப் போய்ப் பழைய லேப்டாப் செல் ஒன்றை வாங்கி மாட்டிக்கொள்கிறார். அதற்கு மனசு ஒப்பவில்லை. ஒவ்வொருவரிடமும் தனித்தனியாகச் சொல்லி வந்ததை இங்கே எழுதியிருக்கிறேன்.

மெக்கானிக்கல் வேப் என்றால் என்ன? மற்ற வேப்புக்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

பழைய பித்தளை டார்ச்சை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு குழாய், உள்ளே செல், ஒரு சுவிட்ச், தலையில் பல்பு. மெக்கானிக்கல் வேப்பும் அதே அமைப்புதான். பல்புக்குப் பதிலாகச் சூடேறும் கம்பிச் சுருள், அதாவது காயில். சுவிட்ச் குழாயின் அடியில் இருக்கும். அழுத்தினால் செல்லின் முழு மின்சாரமும் நேராகக் காயிலில் பாயும்.

மற்ற வேப்களில் நடுவே ஒரு சர்க்யூட் போர்டு உண்டு. ஷார்ட் ஆனால் நிறுத்தும், சார்ஜ் இறங்கினால் நிறுத்தும், செல்லைத் தலைகீழாகப் போட்டால் வேலை செய்யாது, பட்டனை விடாமல் அழுத்தினால் சில நொடிகளில் தானே அணைக்கும். மெக்கானிக்கலில் இதில் ஒன்றும் இல்லை. அந்தப் போர்டு செய்கிற வேலை முழுவதையும் பிடிக்கிறவர் தன் தலையில் ஏற்றிக்கொள்கிறார். கீழே வரும் பதில்கள் எல்லாமே இந்த ஒரு விஷயத்திலிருந்து வருபவை.

டார்ச்சில் போடும் சாதாரண செல் ஷார்ட் ஆனால் கை சுடும், அவ்வளவுதான். இந்தக் குழாயில் போடுவது 18650 என்கிற, திரும்பச் சார்ஜ் ஏற்றும் லித்தியம் செல். நல்ல 18650 ஷார்ட் ஆனால் நூறு ஆம்பியருக்கு மேல் கொட்டும். நம் வீட்டில் கிரைண்டருக்கும் ஹீட்டருக்கும் வைக்கிற பெரிய பிளக் பாயிண்டே 16 ஆம்பியர்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

தமிழ்நாட்டில் வேப்புக்கு 2018-லேயே தடை வந்துவிட்டது. மத்திய அரசு 2019 செப்டம்பரில் அவசரச் சட்டம் போட்டது, டிசம்பரில் அது முழுச் சட்டமானது. தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விநியோகம், விளம்பரம், இருப்பு வைத்தல் எல்லாம் குற்றம். விற்பவருக்கு முதல் முறை ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்ச ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். இருப்பு வைத்தால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது 50,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வேப்பில் ஊற்றும் திரவத்தை ஜூஸ் என்பார்கள். "நிக்கோட்டின் இல்லாத ஜூஸ்தானே" என்ற பேச்சு எடுபடாது. நிக்கோட்டின் இருந்தாலும் இல்லாவிட்டாலும் சட்டம் ஒன்றுதான்.

இதனால் வருகிற நடைமுறைச் சிக்கல் ஒன்று உண்டு. இங்கே கைமாறுகிற எதற்கும் பில் கிடையாது, யார் செய்தது என்று தெரியாது, கோளாறு என்றால் போய்க் கேட்க ஆள் கிடையாது.

எத்தனை ஆம்பியர் போகிறது என்று எப்படிக் கணக்குப் போடுவது?

பத்தாம் வகுப்பில் படித்த ஓம் விதிதான். வோல்ட்டை ஓமால் வகுத்தால் ஆம்பியர். முழுச் சார்ஜில் செல் 4.2 வோல்ட் இருக்கும். செல்லின் மேல் 3.7 என்று அச்சடித்திருப்பதைப் பார்த்து அதை வைத்து வகுக்கிறார்கள். அது தப்பு. சார்ஜரிலிருந்து எடுத்தவுடன் இருக்கும் 4.2-ஐ வைத்துத்தான் வகுக்க வேண்டும்.

காயில் 0.5 ஓம் என்றால் 8.4 ஆம்பியர். 0.3 என்றால் 14. 0.2 என்றால் 21. 0.15 என்றால் 28. 0.1 என்றால் 42. ஓம் குறையக் குறைய எண் எப்படித் தாவுகிறது பாருங்கள். 0.2-க்கும் 0.1-க்கும் இடையே உள்ள வித்தியாசம் கம்பியில் இரண்டு மூன்று சுற்றாக இருக்கலாம். ஆனால் ஆம்பியர் இரட்டிப்பாகிவிடுகிறது.

நல்ல செல்லுக்கு அதன் தயாரிப்பாளர் ஒரு தொடர் ஆம்பியர் அளவு கொடுத்திருப்பார். நிறுத்தாமல் அவ்வளவு எடுத்தாலும் தாங்கும் என்று பொருள். சாம்சங் 25ஆர் செல்லுக்கு அது 20 ஆம்பியர். "பல்ஸ்", "மேக்ஸ்" என்று பெரிதாகப் போடும் எண் சில நொடிகளுக்கானது, அதை நம்பிக் கணக்குப் போடக்கூடாது. நான் சொல்வது, 20 ஆம்பியர் செல்லில் 12-க்கு மேல் போகாதீர்கள். அதாவது காயில் 0.35 ஓமுக்குக் கீழே வேண்டாம். செல் பழசாகப் பழசாக அதன் உள்தடை ஏறும், சூடு கூடும். அந்த இடைவெளி அப்போதுதான் காப்பாற்றும். 0.1 ஓமில் புகைமூட்டம் காட்டும் வீடியோக்களைப் பார்த்துவிட்டு வருபவர்களிடம் இந்த ஒரு இடத்தில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

சாதாரண மல்டிமீட்டரில் காயிலின் ஓம் பார்க்கலாமா?

முடியாது. முந்நூறு ரூபாய் மஞ்சள் மீட்டரின் இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள். பூஜ்யம் காட்டாது. 0.2, 0.3, சிலதில் 0.5 கூடக் காட்டும். அது மீட்டர் வயரின் தடை. அளக்க வேண்டியதே 0.2 என்றால் இதை வைத்து என்ன அளப்பது? கழித்துக்கொண்டாலும் கடைசி இலக்கம் ஆடிக்கொண்டே இருக்கும். இதற்கென்று உள்ள ஓம் ரீடரில்தான் பார்க்க வேண்டும், அதையும் செல்லைக் குழாயில் போடுவதற்கு முன்பே பார்க்க வேண்டும். காயிலின் கால் எங்காவது உலோகத்தில் உரசுகிறதா, திருகு தளர்ந்திருக்கிறதா என்பதும் அங்கேயே தெரிந்துவிடும். அப்புறம், மீட்டர் பயனே இல்லை என்று நினைக்க வேண்டாம். செல்லின் வோல்ட் பார்க்க அதே மஞ்சள் மீட்டர் நன்றாகவே போதும்.

எந்தச் செல் வாங்குவது? சென்னை ரிச்சி தெருவில் மலிவாகக் கிடைக்கிறதே?

பளபளப்பான சிவப்பு, மஞ்சள் ரேப்பரில் 9900 எம்ஏஎச் (செல் எவ்வளவு சார்ஜ் சேமிக்கும் என்ற அளவு) என்று போட்டிருந்தால் அது பொய். 18 மில்லிமீட்டர் அகலம், 65 மில்லிமீட்டர் நீளமுள்ள இந்தக் கூட்டுக்குள் நான் பார்த்த நல்ல செல்கள் 3500, 3600 வரைதான் தருகின்றன. கையில் தூக்கினாலே ஓரளவு தெரியும். நல்ல செல் 45 கிராம் அளவில் இருக்கும். நான் பிரித்துப் பார்த்த சில போலிகளில் உள்ளே சின்ன செல் ஒன்றை வைத்து, மீதி இடத்தைத் தூளால் நிரப்பியிருந்தார்கள்.

இதைவிட ஆபத்து பழைய லேப்டாப் செல். பெயர் பெற்ற கம்பெனிச் செல்தானே என்று நம்பி வாங்குகிறார்கள். செல் ஒரிஜினல்தான், ஆனால் அதன் பிழைப்பு வேறு. 2200 எம்ஏஎச் லேப்டாப் செல் தாங்குவது நான்கைந்து ஆம்பியர். 0.5 ஓம் காயிலே 8.4 கேட்கும். ஒரு மூட்டை சுமக்கிறவர் தலையில் இரண்டு மூட்டை ஏற்றின கதைதான்.

ஒரு உண்மையைச் சொல்லியாக வேண்டும். பெரிய செல் கம்பெனிகள் இந்தச் செல்களைப் போர்டோடு சேர்த்து பேக்காகக் கட்டுவதற்கென்றே செய்கின்றன. தனிச் செல்லாக வேப்பில் போடாதீர்கள் என்று அவர்களே எச்சரிக்கிறார்கள். அதனால்தான் நானும் விற்பதில்லை.

ரேப்பர் கொஞ்சம் கிழிந்திருக்கிறது. டேப் ஒட்டினால் போதாதா?

ஒரு தம்பி கொண்டுவந்த செல்லைப் பற்றிச் சொல்கிறேன். ஊதா நிற ரேப்பர். பக்கவாட்டில் ஒரு நெல்மணி அளவுக்குக் கிழிசல், உள்ளே எஃகு பளபளத்தது. அதன் ஓரத்தில் கறுப்பாக ஒரு பொட்டு. குழாயை வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பார்த்தேன். அதே உயரத்தில், செம்பின் மேலும் ஒரு கறுப்புப் பொட்டு. "சில சமயம் பட்டன் தொடாமலே சூடாகுதுண்ணே" என்றார் அவர்.

நடந்தது இதுதான். 18650 செல்லின் உடம்பு முழுவதுமே நெகட்டிவ். உச்சியில் இருக்கும் சின்னக் குமிழ் மட்டும்தான் பாசிட்டிவ். இரண்டையும் பிரிப்பது ஒரு வளையமும் காகிதம்போல் மெல்லிய அந்த ரேப்பரும்தான். உடம்பில் கிழிந்தால் எஃகு குழாயைத் தொடும், பட்டனை அழுத்தாமலே மின்சாரத்துக்கு வழி கிடைத்துவிடும். உச்சியில் கிழிந்தால் இன்னும் மோசம், காயில்கூட நடுவில் இல்லாமல் நேர் ஷார்ட் ஆகலாம்.

டேப் சூட்டில் நழுவும், பசை இளகும். ஹீட் ஷ்ரிங்க், அதாவது சூடு காட்டினால் சுருங்கி ஒட்டிக்கொள்ளும் ரேப்பரும் உச்சியில் உள்ள வெள்ளை வளையமும் மாற்ற வேண்டும், ஐந்து நிமிட வேலை. செல் நசுங்கியிருந்தால், பள்ளம் விழுந்திருந்தால், கறுப்புப் பொட்டு இருந்தால் ரேப்பர் மாற்றியும் பயன்படுத்தக் கூடாது. அந்தத் தம்பியின் செல்லை நான் திருப்பித் தரவில்லை. அவருக்குக் கொஞ்சம் கோபம்தான்.

ஹைப்ரிட் என்கிறார்களே, அது என்ன?

சில குழாய்களில் காயில் பகுதியின் அடிமுனை நேராகச் செல்லின் உச்சியிலேயே உட்காரும், இடையில் வேறு தடுப்பு இருக்காது. 510 என்று சொல்கிற அந்தத் திருகுமுனையின் நடுவில் உள்ள சின்ன உலோகக் குச்சி, அதாவது பின், நன்றாக வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் பின் மட்டும் பாசிட்டிவைத் தொடும். பின் உள்வாங்கியிருந்தாலோ ஸ்பிரிங் வைத்து அமுங்குகிற வகையாக இருந்தாலோ, சுற்றியுள்ள மரை செல்லின் உச்சியில் உட்கார்ந்துவிடும். நேர் ஷார்ட். எண்ணுவதற்குள் முடிந்துவிடும். விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். பின் தெளிவாகத் தட்டுப்படவில்லை என்றால் அதை ஹைப்ரிட் குழாயில் மாட்டவே கூடாது.

இரண்டு செல் போடும் குழாய்?

ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் 8.4 வோல்ட். அதே 0.35 ஓமில் 24 ஆம்பியர் ஒவ்வொரு செல் வழியாகவும் போகும். ஒரு செல் கொஞ்சம் பலவீனமாக இருந்தால் மற்றது அதைத் தலைகீழாகச் சார்ஜ் ஏற்றித் தள்ளிவிடும். அடுக்கு வகை மெக்கானிக்கலை வீட்டிலேயே வைக்காதீர்கள்.

பட்டனில் பூட்டு வளையம் இருக்கிறதே, சட்டைப் பையில் வைக்கலாமா?

செல் உள்ளே இருக்கும்போது வேண்டாம். வளையம் தளரும். மேசையில் நிமிர்த்தி வைத்தால்கூட அடிப்பட்டன் அதன் பாரத்திலேயே அமுங்கும் வகை உண்டு. கையை விட்டுக் கீழே வைக்கிற ஒவ்வொரு முறையும் செல்லைக் கழற்றிவிடுங்கள். வெளியே எடுத்த செல் பிளாஸ்டிக் டப்பாவுக்குள் போக வேண்டும், பையில் சும்மா கிடக்கக் கூடாது.

இதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். பல வருஷத்துக்கு முன்னால், டார்ச்சுக்கான செல் ஒன்றை பேன்ட் பையில் போட்டுக்கொண்டு சத்துவாச்சாரியிலிருந்து வண்டியில் வந்தேன். அதே பையில் சாவிக்கொத்து. கிரீன் சர்க்கிள் வருவதற்குள் தொடையில் நெருப்பு வைத்தது போல ஒரு வலி. வண்டியை ஓரத்தில் சாய்த்துவிட்டுப் பையை வெளியே இழுத்தபோது சாவி பழுக்கச் சூடாக இருந்தது. உள்ளங்கை அகலத்துக்குத் தழும்பு இன்னும் இருக்கிறது. அது வெடிக்கவில்லை, வெறும் சூடுதான். அதற்கே அந்த நிலைமை.

நம் ஊர் வெயிலுக்கு ஏதாவது தனியாகக் கவனிக்க வேண்டுமா?

கட்டாயம். செல்லை 45 டிகிரிக்கு மேல் சூடான இடத்தில் சார்ஜ் ஏற்றக் கூடாது என்பது பொதுவாகக் கம்பெனிகள் தரும் அளவு. பயன்படுத்த 60 வரை. அக்னி நட்சத்திரத்தில் வேலூரில் நிழலிலேயே 41, 42 சர்வசாதாரணம். தகர ஷீட் போட்ட மாடி அறையில் மதியம் என்ன இருக்கும், கண்ணாடி ஏற்றி நிறுத்திய காருக்குள் என்ன இருக்கும், நீங்களே நினைத்துப் பாருங்கள். பைக் சீட்டுக்கு அடியிலும் அப்படித்தான். மே மாதத்தில் காலையிலோ ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறமோ, நீங்கள் விழித்திருக்கும்போது சார்ஜ் போடுங்கள்.

சார்ஜ் போடுவதில் என்ன கவனம்?

4.2 வோல்ட்டில் தானாக நிறுத்தும், செல்லுக்கென்றே செய்த சார்ஜர். ஒரு ஆம்பியர் அல்லது அதற்குக் கீழே. மெத்தை, தலையணை, அட்டைப்பெட்டி பக்கத்தில் இல்லாமல் தரையிலோ கடப்பாக்கல் மேலோ. வாசற்கதவை மறிக்கிற இடத்தில் வேண்டவே வேண்டாம். 2022 மார்ச்சில் நம் வேலூரிலேயே, சார்ஜ் போட்டிருந்த புது மின்சார ஸ்கூட்டர் இரவில் தீப்பிடித்து, புகையில் மூச்சுத் திணறி அப்பாவும் பொண்ணும் இறந்துபோனார்கள். அது பெரிய பேட்டரிதான். ஆனால் தூங்கும் நேரத்தில் லித்தியம் எரிந்தால் தீயை விடப் புகை முந்திக்கொள்ளும் என்பது சின்ன பேட்டரிக்கும் பொருந்தும்.

சார்ஜ் இறங்கியது எப்படித் தெரியும்?

குழாய் சொல்லாது. புகை மெலிவதுதான் ஒரே அறிகுறி. அப்போது கழற்றி மீட்டரில் பாருங்கள், 3.5 வோல்ட் பக்கம் வந்திருந்தால் சார்ஜுக்குப் போக வேண்டும். 2.5-க்கும் கீழே போன செல்லுக்குள் சேதம் தொடங்கியிருக்கும். அதை மறுபடி உயிர்ப்பிக்கிறேன் என்று யாராவது சொன்னால் கொடுக்காதீர்கள்.

பித்தளை, செம்புக் குழாயில் களிம்பு ஏறுகிறது. எப்படித் துடைப்பது?

குத்துவிளக்குத் துலக்குவது போலப் புளி போதும். ஆனால் மரைக்குள்ளும் பட்டன் இடுக்கிலும் புளியும் ஈரமும் தங்கிவிட்டால் மறுபடி அங்கேயே களிம்பு பிடிக்கும். நன்றாக அலசி, துணியால் துடைத்து, ஒரு நாள் உலர விடுங்கள். இது அழகுக்கான வேலை மட்டுமில்லை. அழுக்கான தொடுமுனையில் மின்சாரம் தடைபட்டுச் சூடாகும், பட்டன் சுடும், ஸ்பிரிங் தன் முறுக்கை இழந்து ஒட்டிக்கொள்ளும். பட்டன் சுட்டால் அன்றைக்கு அதோடு நிறுத்துங்கள்.

செல் சூடாகிச் சீறினால் என்ன செய்வது?

தூர எறியுங்கள், ஆள் இல்லாத பக்கம், வெறும் தரையில். கழற்றிப் பார்க்க முயலாதீர்கள். செல்லின் வாயுத்துளைகள் பாசிட்டிவ் முனையில் இருக்கின்றன, குழாயில் அது வழக்கமாக வாய்ப் பக்கமே பார்த்திருக்கும். குழாயில் காற்றுத் துளைகள் இல்லையென்றாலோ அடைத்திருந்தாலோ வாயு வெளியேற வழியின்றிக் குழாயே குண்டு மாதிரி ஆகிவிடும். அமெரிக்காவில் 2018 மே மாதம் ஃபுளோரிடாவில் ஒருவரும், 2019 ஜனவரியில் டெக்சாஸில் ஒரு இளைஞரும் வேப் வெடித்துச் சிதறிய துண்டு பாய்ந்து இறந்தார்கள். ஒருவருக்குத் தலையில், இன்னொருவருக்குக் கழுத்து ரத்தக் குழாயில்.

புகையை மூச்சில் இழுக்காதீர்கள், அறையை விட்டு வெளியே வாருங்கள். ஒற்றைச் செல் தீ என்றால் எட்ட நின்று தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருக்கலாம், அது செல்லைக் குளிர வைக்கும்.

உடம்பில் பட்டிருந்தால் துணியைக் கழற்றிவிட்டு ஓடும் தண்ணீரில் இருபது நிமிஷம் காட்டுங்கள். பேனா மை, பற்பசை, மாவு எதுவும் தடவ வேண்டாம். 108-க்குப் போன் செய்யுங்கள். டாக்டரிடம் "நெருப்பு சுட்டது" என்று மட்டும் சொல்லாமல், லித்தியம் பேட்டரி என்று சொல்லுங்கள். உள்ளிருக்கும் ரசாயனமும் தோலை அரிக்கும், அதற்கு வைத்தியம் கொஞ்சம் வேறு. வேப் வைத்திருந்ததை மறைப்பதற்காகப் பொய் சொல்லிவிட்டால் பாதிக்கப்படுவது உங்கள் தோல்தான்.

என் பையன் பையில் இப்படி ஒரு குழாய் இருந்தது. என்ன செய்யட்டும்?

குடியாத்தத்திலிருந்து ஒரு அம்மா அதைப் புடவை முந்தானையில் சுற்றிக்கொண்டு வந்து கேட்டார். முதலில் செல்லைக் கழற்றிப் பிளாஸ்டிக் டப்பாவில் வையுங்கள் அம்மா, சண்டை அப்புறம் என்றேன். சின்னப் பாட்டிலில் வாசனையான திரவம் கிடைத்தால் சிறு குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். நிக்கோட்டின் திரவம் கொஞ்சம் விழுங்கினாலும் குழந்தைக்கு விஷம், தோல் வழியாகவும் இறங்கும்.

பிறகு பையனிடம் பேசுங்கள். நான் பார்த்தவரை, இந்தப் பையன்களில் பலருக்கு ஆர்வம் நிக்கோட்டினில் தொடங்கவில்லை. கம்பி சுற்றுவது, ஓம் பார்ப்பது, குழாயைத் துலக்குவது, அந்தக் கைவேலைதான் இழுத்திருக்கிறது. கெட்டிக்காரப் பிள்ளைகள். அந்தக் கைக்கு வேறு வேலை கொடுக்கலாம். நிக்கோட்டின் பிடித்துவிட்டது என்றால் 1800 11 2356 என்ற தேசியப் புகையிலை நிறுத்த உதவி எண் இருக்கிறது, பணம் கிடையாது. மருந்துக்கடையில் நிக்கோட்டின் சூயிங்கமும் கிடைக்கிறது, எவ்வளவு என்று டாக்டரைக் கேட்டுக்கொள்ளலாம்.

இத்தனையும் பார்த்துப் பார்த்துச் செய்தால் பாதுகாப்புதானே?

ஆபத்து குறையும், போகாது. நான் சொன்னதை எல்லாம் ஒரு நாள் ஒருவர் சரியாகச் செய்வார். ஆனால் தூக்கக் கலக்கத்தில், நண்பர்கள் கூட்டத்தில், பரீட்சை முடிந்த சந்தோஷத்தில் ஒன்றை மறப்பார். போர்டு உள்ள கருவியில் அந்த மறதியைப் போர்டு பிடித்துக்கொள்ளும். இதில் பிடிக்க எதுவும் இல்லை. என்னிடம் கேட்டால் செல்லைக் கழற்றிவிட்டுக் குழாயை அலமாரியில் வையுங்கள். அத்தனை அழகான கடைசல் வேலை, பார்க்க நன்றாகவே இருக்கும்.

கழற்றிய பழைய செல்லை எங்கே போடுவது?

குப்பைத் தொட்டியில் போட்டால் வண்டியில் நசுங்கித் தீப்பிடிக்கும், அள்ளுகிறவர் கைதான் முதலில் வேகும். நெருப்பிலும் போடாதீர்கள். இரண்டு முனையிலும் இன்சுலேஷன் டேப் ஒட்டி, பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து, மின்கழிவு எடுக்கிற இடத்தில் கொடுங்கள். 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு விதிகள் பழைய பேட்டரிகளைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள் மேல் வைத்திருக்கின்றன. என் கடைக்குக் கொண்டுவந்தாலும் வாங்கி வைத்துக்கொள்வேன். வாசல் பக்கம் மணல் போட்ட மண்சட்டி ஒன்று இருக்கிறது, டேப் ஒட்டி அதில் போட்டுவிட்டுப் போகலாம். எதற்குப் பயன்படுத்தினீர்கள் என்று கேட்க மாட்டேன்.